அம்மா நடையைத்தான் கேட்டாள்

முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்து அரையிறுதி. எம்பிப் பந்தைப் பிடித்துக் கீழே இறங்கினேன். பாதம் தரையில் நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. அப்போது நான் இரண்டாம் ஆண்டு. அடுத்த மாதம் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு. ஊரே ஹாக்கி மட்டையோடு திரியும் கோவில்பட்டியில் பந்தைத் தட்டிக்கொண்டு அலைந்தவள் நான். அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

மதுரையில் ஆபரேஷன். "நடக்கலாம்மா. விளையாட்டைப் பத்தி இப்போ கேக்காதீங்க" என்றார் டாக்டர். பசுவந்தனைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். சாமி கும்பிடவும் மனசில்லை. இந்தக் கால் இனி எதற்கு என்றே தோன்றியது.

ஒருநாள் சாமி மாடத்தில் மஞ்சள் துணியில் காசு முடிந்திருப்பதைப் பார்த்து அம்மாவிடம் கேட்டேன்.

"நீ ஆபரேசன்ல இருக்கையில நம்ம காளியாத்தாளுக்கு நேந்து முடிஞ்சேன். எம் மக தன் காலால நடந்து வந்து மாவிளக்கு எடுக்கணும்னு."

"நடக்கணும்னு மட்டுமா கேட்ட? விளையாடணும்னு கேட்டா என்னம்மா?"

"அந்த வெளாட்ட நான் கண்ணால கண்டிருக்கேனாட்டி? நீ எந்திரிச்சு நடந்தாப் போதும்னு இருந்துச்சு."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நானே கேட்டுக்கொள்கிறேன் என்றேன். அம்மா விடவில்லை.

"முடிஞ்சு வச்சதச் செலுத்தாம அடுத்ததக் கேக்கக் கூடாதுட்டி. மொத நடந்து வா. பொறவு என்ன வேணும்னாலும் கேளு."

எங்கள் வீட்டில் அதுதான் முறை. வேறு வழி? அந்த ஒன்றைக் கேட்பதற்காகவே நடக்கப் பழகினேன். அம்மா என் காலைப் பிடித்து மடக்கும்போது நான் அலறுவேன். அவள் "ஆத்தா, ஆத்தா" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு யாருக்கு வலிக்கிறது என்றே தெரிந்திருக்காது.

காளியாத்தா கோயில் சித்திரைப் பொங்கலன்று பார்த்துக் கோடை மழை கொட்டியது. கரிசல் நனைந்தால் தெரியுமே, அடிக்கு ஒரு கட்டி மண் காலோடு வரும். வழுக்கினால் ஆபரேஷனே வீண். "அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்றார் அப்பா. நான் மாவிளக்குத் தட்டை ஏந்திக்கொண்டு இறங்கிவிட்டேன். தாயே, காலைப் பிடித்துக்கொள் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே போனேன். வழுக்கவில்லை. கோயில் வாசல் வந்துவிட்டது.

சன்னதியில் அம்மா என் விலாவில் இடித்தாள். "இப்பக் கேளுட்டி."

திரும்பிப் பார்த்தேன். அவள் முழங்கால் வரைக்கும் சேறு. நான் விழுந்தால் தாங்கிப் பிடிக்க, பாதையை எனக்கு விட்டுவிட்டு ஓரத்துச் சேற்றிலேயே கூட நடந்து வந்திருக்கிறாள். கேட்க வந்ததை விட்டுவிட்டேன். "போதும் தாயே" என்று அழுதுவிட்டேன். மனசில் கிடந்த பாரமெல்லாம் அன்றைக்கே இறங்கிவிட்டது.

பல்கலைக்கழக அணியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். பட்டம் முடித்த கையோடு பிசியோதெரபி சேர்ந்தேன். இன்று கோவில்பட்டியில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். ஹாக்கிப் பிள்ளைகள் வருகிறார்கள், தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்தே இடுப்பு பிடித்துப்போன அக்காமார் வருகிறார்கள். வெளியூர்ப் போட்டிகளுக்கு அணிகளோடு போய் வருகிறேன். எல்லாம் காளியாத்தா போட்ட பிச்சை.

போன வருடம் எங்கள் கல்லூரியில் பழைய மாணவிகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். அம்மாவையும் கூட்டிப் போனேன். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு இறங்கினேன். ஓடினேன். எம்பினேன். பந்து வளையத்துக்குள் விழுந்தது. நான் கேட்காமல் விட்டதையும் காளியம்மா கொடுத்துவிட்டாள்.

கஷ்டத்தில் இருக்கும் சகோதர சகோதரிகளே, சரியாகக் கேட்கத் தெரியவில்லையே என்று மலைக்காதீர்கள். தெரிந்த வார்த்தையில் கேளுங்கள், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

ஆட்டம் முடிந்து வியர்வையோடு போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, அன்னைக்கு இதையா கேக்கச் சொன்ன? இவ்வளவு அழகுன்னு தெரிஞ்சிருந்தா நானே கேட்டிருப்பேனே."