அண்ணன் பொறுக்கிக் கொடுத்த கடலை

நிலக்கடலையில் பூசணம் பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். அது விட்டுப்போகும் விஷம் தெரியாது. எழுபதுகளின் கடைசியில், நாகமலைப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் அந்த விஷத்தைத் தேடுவதுதான் என் வேலை. கடலையை அரைத்து, குளோரோஃபார்மில் குலுக்கி வடித்து, அந்தச் சாற்றில் ஒரு துளியை வெள்ளைப் பூச்சு பூசிய கண்ணாடித் தகட்டில் வைப்பேன். தகட்டைத் திரவத்தில் நிறுத்தினால் சாறு மேலேறித் தனித்தனியாகப் பிரியும். பிறகு இருட்டறையில் ஊதா விளக்கில் காட்டினால், விஷம் மட்டும் நீலமாக மின்னும். துளியூண்டு இருந்தாலும் தப்பாது.

தல்லாகுளத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, இருந்த நகையை எல்லாம் விற்றுக் கோழிக்குஞ்சு வளர்க்க இறங்கினாள். தீனிக்குக் கடலைப் புண்ணாக்கு வேண்டும். திருவாதவூரில் என் அண்ணன் செக்கு வைத்திருந்தான். நான் சோதித்துச் சொன்னால்தான் அவனிடம் வாங்குவதாகச் சொன்னாள். ஆட்டப்போகிற கடலையில் எல்லா மூட்டையிலும் மேலும் கீழும் அள்ளிக் கலந்து கொண்டுவா என்று அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அப்படியே செய்ததாக அம்மா மேல் சத்தியம் பண்ணினான். தகட்டில் நீலம் இல்லை. வாங்கிக்கொள் என்றேன்.

குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மிச்சமிருந்த புண்ணாக்கைச் சோதித்தேன். பளிச்சென்று நீலம். விளக்கைச் சந்தேகப்பட்டேன், என் கையைச் சந்தேகப்பட்டேன். கூறுகெட்டவள் நான், அண்ணனை மட்டும் சந்தேகப்படவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட வைத்திருந்த அசல் விஷத்தைப் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தேன். இரண்டும் ஒரே உயரம், ஒரே நீலம்.

பஸ் ஏறிப் போனேன். அண்ணன் மழுப்பக்கூட இல்லை. மதினியை உட்காரவைத்துச் சொத்தையும் சுருங்கலும் தள்ளிப் பொறுக்கியதைத்தான் எனக்குக் கொடுத்தானாம். தள்ளினதெல்லாம் செக்குக்குப் போயிற்றாம்.

"பொண்ணு பாக்க வாராகன்னா கிழிஞ்ச சேலையோடயா நிப்பாட்டுவாக?" என்றான்.

தெரிந்தேதான் செய்திருக்கிறான் படுபாவி. செத்ததை விடு, என் தங்கச்சிக்கு எதுவும் தெரியாது என்று அவளிடம் வந்து ஒரு வார்த்தை சொல் என்று கெஞ்சினேன்.

"நான் வந்து சொன்னா என் யாவாரம் என்னத்துக்காகும்? நீயே ஏதாச்சும் சொல்லிச் சமாளி."

தனியாகத்தான் அவளிடம் போனேன். காலிக் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவில்லை.

"ஒரு வயித்துல பொறந்தவுக. உங்களுக்குத் தெரியாம இருக்குமாக்கா?" என்றாள்.