மாமா கம்பெனியின் கைராசிக்காரி

எனக்குக் கைராசி உண்டு என்று கண்டுபிடித்தவர் என் தாய்மாமா. போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில், ஒற்றை அறையில், அவர் தன் நிதிக் கம்பெனியைத் தொடங்கிய அன்று அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். முதல் டெபாசிட் போட வந்த கடைக்காரர் விளையாட்டாகப் பணத்தை என் கையில் கொடுத்தாராம். சாயங்காலத்துக்குள் மாமா நினைத்ததைவிட அதிகமாகப் பணம் சேர்ந்துவிட்டது. அதன்பிறகு கம்பெனியில் எதைத் தொடங்கினாலும் முதல் பணத்தை நான்தான் வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடாது. பள்ளிக்கூடத்துக்கு லீவு, உடம்புக்குப் பட்டுப்பாவாடை, வாய்க்கு லட்டு, வேறென்ன வேண்டும்?

கம்பெனியும் என்னோடு சேர்ந்து வளர்ந்தது. என்னைவிட வேகமாகவே வளர்ந்தது. ஏலக்காயை ஏலத்தில் விற்றுப் பணம் கைக்கு வரும்வரை பொறுக்க முடியாத சிறு விவசாயிகளுக்கு முன்பணம் கொடுப்பதில் ஆரம்பித்தார் மாமா. பிறகு பைக்குக் கடன், ஆட்டோக் கடன். பிறகு பேங்கில் கிடைக்காத வட்டிக்கு டெபாசிட். தேனியில் ஒரு கிளை, கம்பத்தில் ஒரு கிளை. மாமாவின் சட்டை வெள்ளையாகிக்கொண்டே வந்தது. அம்மா தன் இரட்டைவடச் சங்கிலியை விற்று அதில் போட்டாள். அப்பா முதலில் முணுமுணுத்தார். மாதாமாதம் வட்டி வீடு தேடி வந்ததும் அவரும் அடங்கிவிட்டார்.

அம்மா, மாமா, பெரியம்மா மூவரில் பெரியம்மாதான் மூத்தவள். ராசிங்காபுரத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி, மலைமேல் எஸ்டேட்டுக்கு ஏலக்காய் பறிக்க, காயெடுக்கப் போவாள். மாமாவைப் பி.காம். படிக்க வைத்தது அவளுடைய கூலிதான். போடிமெட்டு வளைவில் ஜீப்பு கவிழ்ந்து பெரியப்பா போன பிறகும் மகளுக்காக அவள் அதே பாதையில்தான் தினமும் போய் வந்தாள். மலை ஏறும் நேரம் முழுக்கத் தம்பி கம்பெனியைப் பற்றித்தான் பேச்சு. கேட்டுக் கேட்டு, கூட வரும் பெண்களும் சீட்டுப் பிடித்துச் சேர்த்ததை எல்லாம் அங்கே கொண்டுபோய்ப் போட ஆசைப்பட்டார்கள்.

நான் நாலாவது படிக்கும்போது கடைவீதியில் கம்பெனிக்குச் சொந்தக் கட்டடம் எழும்பியது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. திறப்பு விழாவன்று பணம் போடும் அத்தனை பேரும் என் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று மாமா ஏற்பாடு செய்திருந்தார். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் வாங்கி வாங்கிப் பக்கத்திலிருந்த காசாளரிடம் நீட்டிக்கொண்டிருந்தேன். மகாலட்சுமி என்று யாரோ கன்னத்தைக் கிள்ளினார்கள்.

வரிசையில் பெரியம்மா வந்தாள். எஸ்டேட்டுக்குப் போகும்போது போடுவதுபோலவே சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. அவளுக்குப் பின்னால் ஜீப்புப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பெரியப்பா செத்ததற்கு நஷ்டஈடு கேட்டுப் போட்ட கேஸ் பல வருஷம் இழுத்தடித்து அந்த மாதம்தான் முடிந்திருந்தது. அந்தப் பணம் முழுவதும் அவள் கையிலிருந்த மஞ்சள் பையில் இருந்தது.

"இந்தா ஆத்தா, ஒன் கையால வாங்கிக்க. ஒங்க அக்கா நர்சு படிக்க இதான் இருக்கு" என்றாள்.

நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். பக்கத்தில் நின்ற மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"இது ஒனக்குச் சரிப்பட்டு வராதுக்கா. போஸ்டாபீசுல கொண்டு போயிப் போடு."

பெரியம்மா அதைக் கேலி என்று நினைத்துச் சிரித்தாள். மாமா சிரிக்காததைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஏன்டா, ஏங்காசு கசக்குதா ஒனக்கு?"

"ஆமா. எடுத்துக்கிட்டுப் போ. பின்னாடி ஆளுக நிக்கிறாக."

ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா பையைச் சுருட்டிக்கொண்டாள். காயெடுத்துக் காயெடுத்துக் கறையேறிப்போன விரல்கள். அந்த விரல்களும் அந்தச் சட்டையும் பெரிய மனிதர்கள் முன்னால் மாமாவுக்குக் கௌரவக் குறைச்சலாகப் போய்விட்டது என்று நான் முடிவு செய்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

ஜீப்புப் பெண்கள் என்ன செய்வது என்று தெரியாமல் தயங்கி நின்றார்கள். மாமா என் கையை விட்டுவிட்டு, "வாங்க, வாங்க, பாப்பாகிட்ட குடுங்க" என்று அவர்களை அழைத்தார். ஒவ்வொருத்தியாக வந்து கொடுத்தாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே வாங்கினேன்.

பெரியம்மா வைராக்கியத்தோடு நேரே போஸ்டாபீசுக்குப் போய்ப் பணத்தைப் போட்டாள். தம்பி வீட்டு வாசலை மிதிப்பதையும் நிறுத்தினாள். அடுத்த காய்ப் பறிப்பு தொடங்குவதற்குள் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஷட்டர் இறங்கிவிட்டது. ஜனம் கூடி நின்று கத்தியது. மாமாவைப் போலீசார் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். புதிதாக வந்த டெபாசிட்டை எடுத்துத்தான் பழைய டெபாசிட்டுக்கு வட்டி கொடுத்திருக்கிறார் என்றும், கட்டடம் எழும்பும் முன்பே கம்பெனி உள்ளுக்குள் காலியாகிவிட்டது என்றும் பிறகு தெரிந்தது. அம்மாவின் சங்கிலி போனது. ஜீப்புப் பெண்கள் போட்டதும் போனது.

அவர்கள் பெரியம்மாவை நம்பவில்லை. எங்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தள்ளிவிட்டு நீ மட்டும் எப்படித் தப்பித்தாய் என்று கேட்டார்கள். செத்த புருஷன் மேல் சத்தியம் செய்து பார்த்தாள், எடுபடவில்லை. ஜீப்பில் பக்கத்தில் உட்காரவும் ஆளில்லை. கடைசியில் டிரைவரே அவளை வேறு ஜீப்பு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அந்தப் பணத்தில் படித்த அக்கா இப்போது மதுரையில் நர்சாக இருக்கிறாள். மாமா ஜெயிலிலிருந்து வெளியே வந்து, ஓய்ந்து, எங்கள் வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறார். பெரியம்மா அவரை இன்னும் பார்க்க வரவில்லை. இருந்தாலும் உன்னையாவது காப்பாற்றினானே என்று அம்மா ஒருமுறை சமாதானம் பேசப் போனாள்.

"என்னைய மட்டும் எதுக்குக் காப்பாத்துனான்? அவளுகளோட சேத்து என்னையும் முழுங்கிருந்தா, நானும் அவளுகளோட ஒக்காந்து அழுதுருப்பேன்ல" என்றாள் பெரியம்மா.

திறப்பு விழாவன்று ராத்திரி நான் மாமாவோடு பேசவில்லை. அவர் ஊட்டிய லட்டையும் துப்பிவிட்டேன். பெரியம்மாவின் பணத்தை அவர் வாங்காமல் விட்டதற்கு எனக்கு அத்தனை கோபம். அவளுக்குப் பின்னால் நின்றவர்களிடம் வாங்க வைத்தாரே, அதற்குத்தான் கோபப்பட்டிருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.