கீழ்வரிசைச் சிவப்பு

சியூயென்னுக்கு நாற்பத்தேழு வயது. அவளுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுக்கும் மேஸ்திரி சோங்லினுக்கு முப்பத்திரண்டு. அவள் அவனை மேஸ்திரி என்பாள், அவன் அவளை அக்கா என்பான். திட்டும்போதும் அக்கா தான். "இது இழைச்ச பலகையா, இல்ல எலி கடிச்சதா அக்கா?" என்று மரியாதை குறையாமல் கேட்பான். வெறும் வசவாக இருந்தால்கூடத் தாங்கிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

இருபது வருஷம் செருப்புக் கம்பெனியில் தையல் மெஷின்மேல் குனிந்தே கிடந்தவள். முதலாளி ஒருநாள் மெஷின்களையெல்லாம் கப்பலேற்றிக்கொண்டு வியட்நாமுக்குப் போய்விட்டார். ஜியாயி ஊரில் அந்த வயதுப் பெண்ணுக்கு யார் வேலை தருவார்கள்? சோங்லினின் பட்டறைக் கதவில் ஆள் தேவை என்று எழுதியிருந்தது. வயதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய் வருகிற தூரம், அவ்வளவுதான் காரணம். மரத்தின்மேல் காதல் கீதல் எல்லாம் கிடையாது. அப்படிப் பேசுகிறவர்கள் ஒரு தேக்குச் சட்டத்தை இரண்டாவது மாடிக்குத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் தச்சு வேலை பழக மூன்று வருஷம் நாலு மாதம். யார் வைத்த கணக்கோ, இன்றைக்கும் அதுதான் கணக்கு. அது முடிந்தால் சொந்தமாக ஒரு உளிப்பெட்டி கிடைக்கும், நாலு பேர் மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். முடிகிற வரைக்கும் மரத்தூள் கூட்ட வேண்டியதுதான். சியூயென்னுக்கு அந்தக் கெடு முடிய ஒரே ஒரு கட்டில் பாக்கி. அதை முழுக்க அவளே செய்து, வீட்டுக்காரர்கள் குறை சொல்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன, தோள் ராத்திரியில் தூங்க விடுவதில்லை. இந்தக் கட்டிலோடு ஆயிற்று என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அவளுக்குப் பயம் முழங்காலைப் பற்றி இல்லை, கண்ணைப் பற்றித்தான். கிட்டத்துப் பார்வை மங்கி இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் கண்ணாடி போட்டுக்கொள்வாள், பட்டறைக்குக் கொண்டுவர மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே வேறொருவரைச் சோங்லின் அனுப்பிவிட்டதைப் பார்த்திருந்தாள். கண் போனவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று அவன் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. அதனால் இணைப்புகளை நகத்தால் வருடிப் பார்த்தே வேலையை ஓட்டினாள். நகம் தட்டவில்லை என்றால் சரி.

கட்டில் ஹோவ் பெரியவருக்கு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எண்பத்துநாலு வயது, இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். கால் தரையில் படுகிற மாதிரி தாழ்வாக வேண்டும் என்று அவர் மகள் ருய்லிங் கேட்டிருந்தாள். சியூயென் ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். சோங்லினோடு பெரியவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டி முடித்தபோது மதியம் ஆகிவிட்டது. ருய்லிங் எல்லாருக்கும் வான்கோழிச் சோறு வாங்கி வந்தாள். சியூயென் இரண்டு வாய் தின்றுவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரியவருக்குப் பொழுது போகவில்லை. எங்கிருந்தோ ஒரு அளவு நாடாவை எடுத்துக் கட்டிலை அளக்க ஆரம்பித்தார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளி, கீழே தள்ளி, இரண்டு தரம் பார்த்தார்.

"ஏம்ப்பா மேஸ்திரி, நான் இன்னும் சாகலையே."

"என்ன சொல்றீங்க பெரியப்பா?" என்றான் சோங்லின்.

"நீளத்தைப் பாரு. மேல கறுப்பு, கீழ சிவப்பு. கல்லறைக்கு அளவெடுத்தீங்களா, கட்டிலுக்கா?"

எங்கள் ஊர் அளவு நாடாவில் சென்டிமீட்டரோடு நல்லது கெட்டதும் அச்சடித்திருக்கும். மேல்வரிசை உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்வரிசை செத்தவர்களுக்கு. சிவப்பெழுத்து நல்ல அளவு, கறுப்பு கெட்டது. வீட்டுக் கதவும் கட்டிலும் மேல்வரிசைச் சிவப்பில் விழ வேண்டும், கல்லறை கீழ்வரிசைச் சிவப்பில். சியூயென்னின் கண்ணுக்கு இரண்டு வரிசையும் ஒரே கலங்கல். சிவப்பாக ஏதோ தெரிந்தது, கோடு போட்டுவிட்டாள்.

ருய்லிங்கின் முகம் வெளுத்துவிட்டது. "ஆஸ்பத்திரியிலேருந்து இப்பதான் கூட்டிட்டு வந்தேன். அவரை இதுல படுக்க வைக்கணுமா?" என்றாள்.

"விடும்மா. இந்த வரிசைக்கு வரப்போறவன்தானே, ரெண்டு மாசம் முன்னாடி படுத்தா என்ன," என்றார் பெரியவர்.

"நீங்க சும்மா இருங்கப்பா."

சோங்லின் நாடாவை வாங்கிப் பார்த்தான். பிறகு, "ரெண்டு விரல்கட்டை குறைச்சா மேல்வரிசை சிவப்புக்கு வந்துடும். இங்கயே அறுத்துடலாம், சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்," என்று ருய்லிங்கிடம் சொன்னான். சியூயென் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குள் அவள் விழித்து எழுந்து நின்றிருந்தாள்.

நீளச் சட்டங்களைக் கழற்றிக் கீழே கிடத்தினார்கள். நாடாவை அவன் அவளிடம் நீட்டினான். "கோடு போடுங்க அக்கா."

அவள் மண்டியிட்டுக் குனிந்தாள். எழுத்துகள் எறும்புக் கூட்டமாகத் தெரிந்தன. இனி எதை ஒளிப்பது என்று இருந்தது. களைப்பு ஒரு கட்டத்துக்கு மேல் போனால் பயத்தையும் தின்றுவிடும் போலிருக்கிறது. நிமிர்ந்து பெரியவரைப் பார்த்தாள்.

"பெரியப்பா, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் குடுக்கிறீங்களா?"

அவர் கழற்றிக் கொடுத்தார். மாட்டிக்கொண்டதும் வரிசைகள் இரண்டும் பிரிந்து நின்றன. அறுக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டாள். போட்டுவிட்டு எழுந்திருக்கத் தலைமாட்டுச் சட்டத்தைப் பிடித்தபோது, முகத்துக்கு நேரே அவள் வெட்டிய இணைப்பு இருந்தது. குழி வெட்டி, நாக்குச் செதுக்கி, ஒரு வாரம் பாடுபட்டுச் சேர்த்தது. நகம் தட்டாத இணைப்பு. அதன் ஓரமெல்லாம் நகத்துக்கு அகப்படாத மெல்லிய இடைவெளி ஓடியது. இடைவெளிக்குள் சலித்த மரத்தூளைப் பசையில் குழைத்து யாரோ நிறம் தெரியாமல் அடைத்து இழைத்திருந்தார்கள். அடுத்த இணைப்பைப் பார்த்தாள். அதிலும் அப்படித்தான். அது அவள் கைவேலை இல்லை.

"எப்பலேருந்து?" என்று கேட்டாள்.

சோங்லின் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ரெண்டாவது வருஷத்துலேருந்து. நீங்க ஸ்கூட்டரை எடுத்த பிறகு அடைப்பேன்."

"சொல்லியிருக்கலாமே மேஸ்திரி."

"சொன்னா நின்னுடுவீங்க. உங்களுக்கு முன்னாடி வந்த எவனும் மூணு மாசம் தாங்கல. நீங்களாவது காலையில வந்து உளியைத் தீட்டி வைக்கிறீங்க." ரம்பத்தை மறுபக்கம் திருப்பிவிட்டு, "அளவையும் நான்தான் ஒரு தரம் பாத்திருக்கணும். பாக்கல," என்றான்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். எலி கடித்த பலகை என்று வாய் ஓயாமல் பேசியவன் இதை மட்டும் ஏன் பேசவில்லை? அப்புறம் வெட்கம் வந்தது. ராத்திரியில் தோள் வலித்தபோதெல்லாம், போகட்டும், இணைப்பாவது நன்றாக வந்ததே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

"மூணு வருஷத்துல நான் செஞ்சது எவ்வளவு இருக்கும்? மறைக்காம சொல்லுங்க."

அவன் யோசித்தான். "பாதி இருக்கும் அக்கா."

ருய்லிங் அப்பாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெரியவர் கண்ணாடி இல்லாமல் யார் முகமும் தெரியாமல் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மீதிப் பாதியையும் நான் செஞ்சு முடிக்கிறேன். அதுவரைக்கும் உளிப்பெட்டி வேண்டாம்," என்றாள் சியூயென்.

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியில் நன்றாகவே தெரிந்தது. அதெல்லாம் எதற்கு அக்கா, இவ்வளவு கஷ்டப்பட்டுவிட்டீர்கள், போதும் என்று சொல்லிவிடுவான் என்று உள்ளுக்குள் ஏங்கினாள்.

"சரி," என்றான் சோங்லின். ரம்பத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, சட்டம் ஆடாமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.