தண்ணீரை ஊற்றியது யார்

அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. பீக்கரில் முதலில் தண்ணீர் இருக்க வேண்டும். அதில் அமிலத்தைக் கண்ணாடிக்கோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சூடேறினால் நிறுத்தி ஆறவிட வேண்டும். பிளஸ் டூ படிக்கும்போது தூக்கத்தில் கேட்டாலும் இதைச் சொல்வேன். வகுப்பில் வேதியியலில் முதல் மார்க் என்னுடையதுதான்.

வில்லியனூருக்குப் பக்கத்துப் பள்ளி. ஆய்வகக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அது வரும்வரை சும்மா நிற்பானேன் என்று வேதியியல் சார் கந்தக அமிலத்தை முன்கூட்டியே பீக்கரில் அளந்து வைத்துவிடுவார். தண்ணீர் வந்ததும் வேறு பாத்திரத்தில் பிடித்து, அதில் அமிலத்தை விடுவார். அன்று மணி அடிக்கப் போகிற அவசரம். அமில பீக்கரையே குழாயடியில் நீட்டினார். குபீரென்று கொதித்துத் தெறித்தது. பக்கத்தில் கண்ணாடிக்கோலோடு நின்றவள் நான். பாதுகாப்புக் கண்ணாடிகள் புதுசு கெடாமல் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. என் வலது கண் போயிற்று.

சார் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தார். அவர் எங்கள் மாதா கோயில் பங்குக்காரர், ஞானஸ்நானத்தில் என் தம்பிக்கு ஞானத்தகப்பன். ரிட்டயராகும் நேரத்தில் பென்ஷன் போய்விடும் என்று அப்பாவிடம் அழுதார். எல்லோரும் அவரைத்தான் தேற்றினார்கள். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: "போன கண்ணு திரும்பியா வரப் போவுது? நாந்தான் ஊத்தனன்னு சொல்லிடுடி."

சொன்னேன். விசாரிக்க வந்தவர், பிளஸ் டூ படிக்கிற பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா என்று தலையில் அடித்துக்கொண்டார். கண் போனதைவிட அது எரிந்தது. இன்றும் எரிகிறது.

சார் பென்ஷன் வாங்கி, பேரப்பிள்ளைகளைப் பார்த்து, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். பங்கே திரண்டு வந்து அடக்கம் செய்தது. நான் போகவில்லை. திமிர் பிடித்தவள் என்றார்கள்.

தம்பி மகள் இப்போது அதே பள்ளியில் படிக்கிறாள். எனக்கு அம்மை போட்டுக் கண் போனதாகத்தான் வீட்டில் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். போன வாரம் சாப்பிடும்போது, ஆய்வகத்தில் மிஸ் சொன்ன கதையைச் சொன்னாள். முன்பு ஒரு பெண் பாடத்தைக் கவனிக்காமல் அமிலத்தில் தண்ணீரை ஊற்றிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டாளாம்.

"அந்தப் பொண்ணு நான்தாண்டி. ஊத்தனது எங்க சாரு" என்றேன்.

தம்பி தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "செத்தவர இன்னாத்துக்குக்கா இழுக்கற?" என்றான்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் அப்பாவிடம் கேட்டாள்: "மிஸ்ஸு பொய்யாப்பா சொல்றாங்க?"

"இல்ல. நீ சாப்புடு" என்றான்.