திரையில் நடப்பவன்

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டது வரை எல்லாம் என் சொந்த முயற்சி. குணமானது மட்டும் சபையார் செய்த வேலை.

துடியலூரில் எங்கள் சபைக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாராவது படுத்துவிட்டால், புதன்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் அவர் வீட்டுக்குப் போவோம். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அப்புறம் ஊர்க்கதை. நோயாளியைத் தூக்கி உட்கார வைப்போம். வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்வார்கள். நான் பாடினால் நோய் முற்றிவிடும் என்பதால், எனக்குச் சிரிக்க வைக்கும் வேலையை மட்டும் கொடுத்திருந்தார்கள். பல வருடம் அதைச் செய்தேன். அதனால் என் முறை வந்தபோது, வலியோடு கொஞ்சம் ஆசையாகவும் படுத்திருந்தேன்.

வந்தார்கள். புதுப் போதகர், கேமரா பிடிக்க ஒருவர், விளக்குப் பிடிக்க ஒருவர்.

"ஏனுங்ணா, வாக்கரை விட்டுப்போட்டு ரெண்டு எட்டு வைங்க பார்க்கலாம். சபைக்கு உற்சாகமா இருக்குமுங்க" என்றார் போதகர்.

"உளுந்துட்டா?"

"கர்த்தர் தாங்குவாருங்க."

கர்த்தருக்குத் துணையாக என் மனைவி, கேமராவில் படாமல் கதவோரம் நின்றாள். நானோ கேமராவைக் கண்டால் சும்மா இருக்கிற ஆளில்லை. சுவரைப் பிடித்து இரண்டு எட்டு வைத்து, மாப்பிள்ளை மாதிரி கையும் ஆட்டினேன். சுவரைப் பிடித்த கை மட்டும் படத்தில் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு முன்னால், பெரிய திரையில் கீபோர்டு இசையோடு நான் நடக்கிறேனாம். ஒரே கைதட்டலாம். போனில் சொன்னார்கள். குணமானவனைப் பார்க்க யார் வருவார்கள்? அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்த புதனும் இல்லை. என்னைத் தூக்கித் தூக்கி மனைவிக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

படுத்தபடி யோசித்தேன், வேறென்ன வேலை? அந்தப் புதன்கிழமைகளில் நாங்கள் யாரையும் குணமாக்கியதாக நினைவில்லை. சிலர் செத்தும் போனார்கள். ஆனால் யாரும் தனியாகக் கிடக்கவில்லை. ஒரு சபைக்கு அதைவிடப் பெரிய ஊழியம் என்ன என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இப்போது திரைக்கு ஆள் வேண்டியிருக்கிறது. படுத்துக் கிடக்கிறவன் அதற்கு ஆக மாட்டான்.

ஒருநாள் போதகர் போன் செய்தார். "என்னங்ணா, நல்லாயிட்டீங்க, ஆலயத்துப் பக்கம் காணோம்?"

"அங்கதான் வாராவாரம் நடந்துட்டிருக்கேனுங்களே. ஊட்டுல இருக்கறவன்தான் எந்திரிக்க முடியாமக் கெடக்கறான். அவனையும் ஒருநாள் வந்து பாருங்க."

"உங்களுக்கு எப்பவும் தமாசுதானுங்ணா!" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். இத்தனை வருடம் சிரிக்க வைத்தவன் பேச்சை வேறெப்படி எடுத்துக்கொள்வார்கள்?

"எப்ப வாராங்களாம்?" என்றாள் மனைவி.

"சிரிச்சாரு."

அவள் கட்டிலருகே வந்து குனிந்தாள். என் அக்குளுக்குள் தோளைக் கொடுத்து, "ம், எந்திரிங்க" என்றாள்.