பதினேழாம் எண் கவிதைக்கு எழுதிய கடிதம்

எங்கள் பன்மொழிக் கவிதை இதழின் முதல் பக்கத்தில் ஆசிரியனாகிய என் கவிதை ஏன் இடம்பெறவில்லை என்பது பற்றி அம்பத்தூர் வட்டாரத்தில் இன்றும் இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்றில் நான் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறேன். மற்றொன்றில் அச்சகத்தார் தாளைத் தொலைக்கிறார்கள். இரண்டும் பொய். நடந்ததை நானே எழுதிவைப்பதுதான் முறை.

எண்பதுகளின் இறுதியில் நான் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் நிர்வாக அலுவலர். தமிழ் இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன் அங்கு நான் ஒருவனே. அதை எவரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன். கொரட்டூரிலிருந்து வரும் லேத் டர்னர் ஒருவர் வீட்டில் தெலுங்கு பேசுபவர். ஆவடியிலிருந்து வரும் மின்பிரிவு மேற்பார்வையாளர் மலையாளி. இருவரும் கவிதை எழுதுபவர்கள் என்று கேண்டீன் வரிசையில் தெரியவந்தபோது, மூன்று மொழிகளுக்கும் பொதுவாக ஓர் இதழ் தொடங்கும் எண்ணம் எனக்குத் தோன்றியது. மிஷன் பள்ளி ஆசிரியை ஒருவர் நான்காமவராகச் சேர்ந்தார். ஞாயிறுதோறும் அவருடைய வகுப்பறையில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க அமர்ந்தோம்.

விதிகளை நான் வகுத்தேன். அனுப்பியவரின் பெயர் தேர்வு செய்பவனுக்குத் தெரியக்கூடாது. ஆசிரியை பெயரை நீக்கி, எண்ணிட்டு, தம் நோட்டில் குறித்துக்கொள்வார். வேற்றுமொழிக் கவிதையை அம்மொழி அறிந்தவர் படித்துத் தமிழில் பொருள் சொல்வார். முடிவு என்னுடையது. நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணங்களுடன் ஒரு பக்கக் கடிதம் போகும். அதையும் நானே எழுதுவேன். ஒவ்வொரு கவிதையும் மற்றொரு மொழியிலான மொழிபெயர்ப்புடன் வெளிவரும்.

முதல் பக்கத்துக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அங்கே கொரட்டூர் ஏரியைப் பற்றிய என் கவிதை என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது. இதழை வெளியிட வரவிருந்த என் கல்லூரித் தோழனுக்கு, அப்போது அவன் அரசில் உயர் அதிகாரி, அதை எழுதியும் விட்டேன். என்னைத் தொழிற்சாலைக் குமாஸ்தா என்றே நினைத்திருந்தவன் அவன்.

என் கவிதையை மலையாளத்தில் ஆக்கும் பணியை மேற்பார்வையாளர் ஏற்றார். விடுப்பில் ஊருக்குப் புறப்பட்ட அவசரத்தில், மொழிபெயர்ப்பை ஓர் உறையிலிட்டுப் பள்ளியில் கொடுத்துச் சென்றார். பெயரும் இல்லை, குறிப்பும் இல்லை. ஆசிரியை கையெழுத்தை அடையாளம் கண்டு, அவருடைய சொந்தக் கவிதை என்று எண்ணிப் பதினேழாம் எண்ணிட்டார்.

அந்த ஞாயிறு மலையாளம் படித்துச் சொல்ல, ஆசிரியையின் அண்டைவீட்டு மலையாளி நர்ஸ் வந்திருந்தார்.

"ஏரிக்கரையில ஞான் நிக்கிறேன். ஏரி என்னைப் பார்க்குது. மேகமும் என்னைத்தான் பார்க்குது."

"ஏன், ஏரிக்கு வேற வேலையே இல்லியாமா?" என்றார் டர்னர்.

நானும் சிரித்தேன். சொந்தக் கவிதை தெரியவில்லையா என்று கேட்கலாம். ஓசையைக் கழற்றிவிட்டால் அதில் என்ன மிஞ்சும் என்பதை நான் அதுவரை கேட்டதில்லை. அன்று மாலையே கடிதம் எழுதினேன்: "அன்புடையீர், ஏரியைக் காணச் சென்ற தாங்கள் தங்கள் நிழலை மட்டும் கண்டு திரும்பியுள்ளீர்கள். 'ஞான்' என்னும் சொல் பதினொரு முறை வருகிறது. ஒரு தவளைகூட வரவில்லை." நல்ல கடிதம். இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்றமாட்டேன்.

விடுப்பு முடிந்து வந்த மேற்பார்வையாளர் அடுத்த கூட்டத்தில் அக்கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"மனம் தளர வேண்டாம். அடுத்த இதழுக்கு முயலலாம்" என்றேன், பெருந்தன்மையுடன்.

"அதில்ல சாரே. கவிதை என்டெ இல்ல."

"பின் யாருடையது?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "சாரோடது."

"அய்யய்யே!" டர்னர் பெஞ்சைத் தட்டினார். "இன்னா சார், உங்களுக்கு நீங்களே லெட்டர் போட்டுக்கினு கீறீங்க!"

ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

வெளியீட்டுக்குப் பத்து நாள்கூட இல்லை. தோழனுக்கு எழுதிய கடிதம் நெஞ்சில் முள்ளாக நின்றது. என் முகத்தைப் பார்த்த மேற்பார்வையாளர், "என் மொழிபெயர்ப்பு மோசம்னு சொல்லிடுங்க சாரே. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

அந்த வழி எனக்குப் பிடித்திருந்தது. "மொழிபெயர்ப்பில் சில நுட்பங்கள் நழுவியிருக்கலாம்" என்று தொடங்கியும் விட்டேன்.

"அப்ப தமிழ்ல படிச்சுக் காட்டுங்க சார். கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்றார் ஆசிரியை.

எழுந்து நின்று, கல்லூரி மேடைகளில் பழகிய குரலில் படித்தேன். நான்காம் வரியில் டர்னரின் விரல்கள் மடங்குவதைக் கண்டேன். முடித்ததும் அவர் சொன்னார்: "பதினொண்ணு 'நான்'. கரீட்டா வந்துச்சு சார். அண்ணாத்தே ஒண்ணுகூட வுடல."

மொழிபெயர்ப்பில் குறையேதும் இல்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். "பதினேழாம் எண் வேண்டாம்" என்று இரண்டாம் முறையாக, இம்முறை தெரிந்தே சொன்னேன். நூம்பல் கிராமத்துப் பெண்மணி ஒருவர் அடிபம்பு வரிசையைப் பற்றி எழுதிய தெலுங்குக் கவிதை முதல் பக்கத்துக்குப் போனது.

வெளியீடு அப்பள்ளியின் கூடத்தில் நடந்தது. தோழன் நாடாவை அவிழ்த்தான், முதல் பக்கத்தைப் பார்த்தான், புரட்டினான், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தான். பிறகு ஒலிபெருக்கியிலேயே கேட்டான்: "ஏண்டா, முதல் பக்கம் உன்னோடதுன்னு எழுதியிருந்தியே! எங்கடா?"

இரண்டாம் வரிசையில் மேற்பார்வையாளர் பழியை ஏற்கப் பாதி எழுந்துவிட்டார். கையசைத்து அவரை உட்காரச் செய்துவிட்டு ஒலிபெருக்கியை வாங்கினேன்.

"கவிதை வந்தது. ஆசிரியர் படித்தார். வேண்டாம் என்று கடிதம் எழுதிவிட்டார். ஆசிரியர் சற்றுக் கடுமையானவர்."

முதலில் டர்னரின் விசில் வந்தது. பிறகு கூடமே சிரித்தது. தோழன் என் முதுகில் அறைந்த அறை இரண்டு நாள் வலித்தது. குமாஸ்தாவை எவரும் அப்படி அறைவதில்லை.

அதன்பின் தமிழ்க் கவிதைகளின் தேர்வை டர்னரிடமும் மேற்பார்வையாளரிடமும் விட்டுவிட்டேன். என் கவிதைகளையும் ஆசிரியையிடம் கொடுத்து, எல்லாரையும் போல எண் வாங்கிக்கொண்டேன். இரண்டு திரும்பி வந்தன, என்னுடையவற்றைவிடச் சுருக்கமான கடிதங்களுடன். மூன்றாவது கவிதை நான்காம் இதழில், பத்தொன்பதாம் பக்கத்தில் வெளிவந்தது. அதற்கு வந்த கடிதத்தில் ஒரே வரி: "தலைப்பை மாற்றினால் போடலாம்."

மாற்றினேன்.