மீன் காத்திருந்த காலைக் காட்சி

காலை எட்டரை மணிக்கு மீனம்பாக்கத்தில் மெட்ரோ ஏறினேன். ஐம்பத்து மூன்று வயதில் நான் துணிந்த மிக நீண்ட வடக்குப் பயணம் இது. காசிக்குப் போய்வந்த என் மைத்துனரே சென்னைக்குள் ராயபுரத்தைத் தாண்டியதில்லை.

சினிமா பார்க்கத்தான் போனேன். எங்கள் பக்கத்துப் பழைய தியேட்டர்களில் ஒன்று கல்யாண மண்டபமாகிவிட்டது. இன்னொன்றில் மெத்தை விற்கிறார்கள். எண்ணூர் முகத்துவாரத்தில், நெட்டுக்குப்பத்துக்குப் பக்கத்தில், அலைமகள் என்று ஒற்றைத் திரைத் தியேட்டர் இன்னும் ஓடுகிறது என்று அலுவலக நண்பர் சொன்னதும் லீவு போட்டேன். சட்டையை உள்ளே விட்டு, தொப்பைக்குக் கீழே பெல்ட்டுக்கு ஓர் இடம் தேடிக் கட்டி, பதவி உயர்வின்போது கொடுத்த தோல் பையை மாட்டிக்கொண்டேன். பைக்குள் தயிர்சாதமும் ரத்த அழுத்த மாத்திரையும்.

டோல்கேட்டில் இறங்கியபோது ஒன்பதரை. அங்கிருந்து தியேட்டர் பத்து கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் தாஸ் முந்நூறு கேட்டார். என்னைவிட என் பையைத்தான் அதிகம் பார்த்தார்.

"தியேட்டர்ல இன்னா வேலை சார்?"

"சும்மா பார்க்கணும். இடம் எவ்வளவு பெரிசு, கூட்டம் வருதா, எப்படி இருக்கு... அதான்."

"அந்த எடத்த கண்டெய்னர் அடுக்குற யார்டுக்குக் கேக்குறாங்க. தியேட்டர்கார பிலோமினா அக்கா இன்னிக்கு முடிவு சொல்லப் போவுது. தெரியாத மாரியே கேக்குறியே சார்."

"அப்படியா? எனக்குத் தெரியாதே."

"கரெக்ட்டு சார். தெரியாதுதான்."

திருவொற்றியூர் தாண்டியதும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண்டெய்னர் லாரிகளின் நீண்ட வரிசை. தாஸ் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே போன் பேசினார். "ஆளு வந்துகினு கீறாரு. ஆமா, பையோட. அக்காகிட்ட வாயத் தொறக்காத. வூட்ல இருக்கிற எல்லாரையும் இஸ்துகினு வந்து உக்கார வை." எனக்கு இப்படி ஒரு வரவேற்பா என்று மனம் குளிர்ந்தது. பிறகு அவர் மண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அங்கே தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வருமாம், லாரியை நிறுத்தினால் சக்கரம் புதைந்துவிடுமாம்.

"என்கிட்ட லாரி இல்லையேப்பா" என்றேன்.

"எல்லாரும் அப்டித்தான் சார் சொல்லுவாங்க."

பத்தரை மணிக் காட்சிக்கு வாசலில் தேர்த் திருவிழாபோலக் கூட்டம். டிக்கெட் எழுபது ரூபாய். சின்ன ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பிலோமினா அக்காவே கிழித்துக் கொடுத்தார். கணவர் காலமான பிறகு தனியாளாகத் தியேட்டரை நடத்துகிறாராம். "வார நாள்ல பத்துப் பேரு வந்தாலே ஜாஸ்தி. இன்னிக்கு இன்னா வந்துச்சு இதுங்களுக்கு?" என்று என்னிடமே கேட்டார். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் மீன் விற்கும் செல்வி, மடியில் காலி அன்னக்கூடையோடு. இந்தத் தியேட்டரின் வழக்கத்தை அவர்தான் சொன்னார். படகு கரைக்கு வந்தால் அக்கா மைக்கில் பேர் சொல்வார். அந்தப் படகுக்காரர்கள் படத்தின் நடுவிலேயே எழுந்துபோய், மீனை இறக்கி ஐஸ் போட்டுவிட்டு, அதே டிக்கெட்டில் மறுபடி வந்து உட்காரலாம். "வேற எந்தத் தியேட்டர்ல சார் உடுவான்? அதான் இதுல வந்து குந்துறோம்."

கதாநாயகன் முதல் சண்டையை முடிப்பதற்குள் மைக் கரகரத்தது. "சகாயம் போட்டு வந்துடுச்சி. கானாங்கெளுத்தி. ஆளுங்க போங்க."

யாரும் எழவில்லை. இன்னும் இரண்டு படகுகளின் பேர் வந்தன. மூன்றாவதில் வஞ்சிரமாம். முன் வரிசையில் ஒருவர் பாதி எழுந்தார். "குந்து மாமு" என்று நாலு பேர் அவரை அழுத்தி உட்கார வைத்தார்கள்.

படம் நின்றது. விளக்குகள் எரிந்தன. பிலோமினா அக்கா மைக்கோடு நடைபாதையில் இறங்கி வந்தார்.

"இன்னா ஆச்சு உங்களுக்கு? வெயில்ல மீனு நாறப் போவுது."

செல்வி எழுந்து நின்றார். "நாறட்டும்க்கா. சீட்டு காலியா தெரிஞ்சா இவுரு இத்த வாங்கிகினு பூடுவாரு."

அவர் விரல் என்னைத்தான் காட்டியது. தியேட்டர் மொத்தமும் திரும்பியது. திரையில் உறைந்து நின்ற வில்லனைக்கூட இத்தனை பேர் இப்படி முறைத்திருக்க மாட்டார்கள். நான் பையைத் திறந்து டப்பாவை உயர்த்திக் காட்டினேன்.

"தியேட்டர் வாங்குறவன் எதுக்கும்மா தயிர்சாதம் கட்டிக்கிட்டு வரப்போறான்? நான் மீனம்பாக்கத்துலேர்ந்து படம் பார்க்க வந்தேன்."

"மீனம்பாக்கத்துலேர்ந்தா?" என்றார் செல்வி.

"ஆமா."

"இந்தப் படத்துக்கா?"

கூரைத் தகரம் அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. கதவோரமாக நின்ற தாஸ் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். "பேஜாரு பண்ட்டியே சார். பெல்ட்டு, பையி... யார்டுக்காரன் மாரியே வந்துக்கினியே."

பிலோமினா அக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கரையில் வஞ்சிரம் காய, உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் இடுப்பிலிருந்து போனை எடுத்தார். மைக் இன்னொரு கையில் அணையாமலே இருந்ததால் அவர் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"சார், கெளம்பிட்டீங்களா? அப்டியே திரும்பிப் பூடுங்க. நான் குடுக்கல. இல்ல சார், வெல பத்தாதுன்னு இல்ல. எத்தினி குடுத்தாலும் இல்ல."

உடனே எழுந்த விசில் சத்தத்தைப் பழவேற்காட்டிலும் கேட்டிருப்பார்கள்.

"போதும். மொதல்ல போய் மீன எறக்குங்க. எல்லாரும் வந்தப்பறம் மொதல்லேர்ந்து படம் போடுறேன்" என்றார் அக்கா.

தியேட்டர் காலியாகிக் கடற்கரை நிறைந்தது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். செல்வி திரும்பி வந்து, "இன்னா நைனா, ஆணி அட்ச்சா மாரி குந்திகினு கீற? வா" என்று அன்னக்கூடையை என் கையில் கொடுத்தார். இரண்டு நடை ஐஸ் சுமந்தேன். மூன்றாவது நடையில் பெல்ட் அறுந்தது. என் தயிர்சாதத்தைத் தாஸ் சாப்பிட்டார். வறுத்த கானாங்கெளுத்தியை நான் சாப்பிட்டேன்.

மாலை திரும்பும் மெட்ரோவில் என்னைச் சுற்றி நாலு இருக்கைகள் காலியாகவே வந்தன. எங்கள் பக்கத்து மால் தியேட்டரில் ஒருமுறை, தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்திருந்ததற்காக என்னை வாசலிலேயே நிறுத்தினார்கள். அலைமகளிலோ, மீன் செதில் ஒட்டிய கையோடு திரும்பி வந்தேன். கசங்கிய டிக்கெட்டைத் தேடி எடுப்பதற்குள், "தெர்தே, நீதானே, போ" என்று அக்கா உள்ளே விட்டுவிட்டார்.

வீட்டில் படத்தின் முடிவு என்னவென்று மனைவி கேட்டாள். எனக்குத் தெரியாது. இடைவேளைக்குப் பிறகு மைக்கில் இன்னொரு படகின் பேர் வந்தது. முதலில் எழுந்து ஓடியவன் நான்தான்.